பழைய காரும் ஒரு பிடி காகிதமும்

ஜொகூர் பாலத்தின் நீளம் 1,056 மீட்டர். நெரிசல் இல்லாத நேரத்தில் கடந்துபோகச் சில நிமிடம் போதும். அந்தச் சில நிமிடத் தூரத்துக்குள் ஒரு பழைய காரின் தலையெழுத்து மாறிவிடுகிறது.

1983இல் பதிவான மெர்சிடிஸ் 200 ஒன்றை எடுத்துக்கொள்வோம். டபிள்யூ 123 வரிசையைச் சேர்ந்தது. 1976 முதல் 1986 வரை சுமார் 27 லட்சம் கார்கள் அந்த வரிசையில் வெளிவந்தன. நம் ஊரில் வக்கீலும் டாக்டரும் தோட்ட மேனேஜரும் ஓட்டிய கார். வெளியூர் டாக்சியாகவும் உழைத்த கார். ஜே என்ற எழுத்தில் தொடங்கும் ஜொகூர் எண்பலகை இருந்தால், அது இன்றைக்கும் எல்லாக் காரையும் போல ஒரு கார்தான். 1,997 சிசி இன்ஜினுக்கு ஆண்டுச் சாலை வரி 378 வெள்ளி 50 காசு. காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, மாலையில் ஜாலான் உங்கு புவானில் பூ வாங்கிக்கொண்டு திரும்பலாம். அதே வயது, அதே நிறம், அதே இன்ஜின் உள்ள கார் சிங்கப்பூரில் ‘கிளாசிக்’ திட்டத்தின் கீழ் நிற்கிறது என்றால், ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே தெருவில் இறங்கலாம்.

அந்தக் காரை இந்தக் கரைக்குக் கொண்டுவந்து ஜே எண்ணில் பதிந்துவிட்டால் என்ன என்று ஜொகூரில் பழைய கார் பிரியர்கள் கேட்காத நாளில்லை. கேள்வி நியாயமானது. பதில்தான் நீளமானது. துருப்பிடித்த தகரத்தை வெட்டி மாற்றலாம். இன்ஜினை இறக்கி ஏற்றலாம். பத்திரம் இல்லாத காருக்குப் பத்திரம் செய்து கொடுக்க எந்தப் பட்டறையாலும் முடியாது. பழைய கார் வாங்கும் ஆசையோடு இருக்கும் வாசகர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பானெட்டைத் திறக்கும்முன் பத்திரத்தைத் திறந்து பாருங்கள்.

அக்கரையின் கணக்கு

சிங்கப்பூரில் கார் வைத்திருப்பது ஓர் உரிமைச் சான்றிதழோடு கட்டுண்டது. 1990இல் வந்த அந்தச் சான்றிதழின் ஆயுள் பத்து ஆண்டு. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சான்றிதழே 1,06,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு ஏலம் போனது. கார் விலை அதற்கு மேல். பத்து ஆண்டு முடிந்ததும் அன்றைய விலையை ஒட்டிப் பணம் கட்டிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பதிவை நீக்க வேண்டும். பதிவு நீங்கிய காருக்கு மிஞ்சுவது இரண்டு வழி: உடைக்கப் போட வேண்டும், அல்லது வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கார், சட்டத்தின் கண்ணில் ஒரே நாளில் பழைய இரும்பாகிவிடுகிறது.

வெளிநாட்டிலிருந்து மூன்று வயதுக்கு மேற்பட்ட பழைய காரை அங்கே இறக்குமதி செய்ய முடியாது. விதிவிலக்குக்குள் வருபவை பழம்பெரும் கார்கள்: முதல் பதிவிலிருந்து 35 ஆண்டு கடந்தவை ‘கிளாசிக்’, 1940 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்போ தயாரானவை ‘விண்டேஜ்’. கிளாசிக்குக்கு அந்தப் பத்தாண்டுச் சான்றிதழ் தேவையில்லை. அதற்குப் பதிலாகத்தான் 45 நாள் என்ற கட்டு. நாள் கணக்கில் ஓட்டுவது சிலருக்கு மனக்குறையாக இருக்கலாம். ஆனாலும் விதி எழுத்தில் தெளிவாக இருக்கிறது. வயதைச் சொல்கிறது, நாளைச் சொல்கிறது, கட்டணத்தைச் சொல்கிறது. காரை வாங்கும்முன் உட்கார்ந்து கணக்குப் போட முடிகிறது.

சிங்கப்பூரில் பழைய கார் ஆசையுள்ள பலருக்கு ஜொகூர் பாருவின் பட்டறைகள் நன்றாகத் தெரியும். தகர வேலை, பெயிண்டு, மெத்தைத் தையல் எல்லாம் இந்தப் பக்கம் கைக்கு அடக்கமான கூலியில் முடிகிறது. அவர்களில் சிலர் இங்கேயே ஒரு காரை வாங்கிப்போட்டு வார இறுதியில் வந்து ஓட்டிப் பார்க்க நினைக்கிறார்கள். ஆனால் சிங்கப்பூரில் வசிப்பவர் மலேசியப் பதிவுள்ள காரை அங்கே ஓட்டக்கூடாது. அந்த ஆசைக்கு எல்லை உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடிதான். மறுபக்கம், சிங்கப்பூர் எண்ணோடு இங்கே வரும் எந்தக் காருக்கும் நுழைவு அனுமதியான விஇபி வேண்டும். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத காருக்கு 300 வெள்ளி அபராதம் விதிக்கிறார்கள். சுற்றிப் பார்க்க வரும் காருக்கே இவ்வளவு என்றால், குடியேற வரும் காருக்கு எவ்வளவு இருக்கும்!

இந்த இடத்தில்தான் குறுக்குவழிக்காரர்கள் நுழைகிறார்கள். “சிங்கப்பூர் காடி அண்ணே, ஓடவே இல்ல, பேப்பரெல்லாம் பாத்துக்கலாம்” என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். அக்கரையில் பதிவு நீக்கப்பட்ட காரின் மேல், இங்கே விபத்தில் நொறுங்கிய அதே ரகக் கார் ஒன்றின் எண்ணைப் பொருத்தி ஓட்டுவதை இங்கே ‘குளோன்’ என்கிறார்கள். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயும் சுங்கத்துறையும் ஜொகூரில் இப்படிப்பட்ட கார்களைப் பிடித்தபடியே இருக்கின்றன. 1967ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 135ஆம் பிரிவு கடத்தல் பொருளை வைத்திருப்பவரையும் விடாது. வாங்கியவர் ஏமாந்தவர் என்பதற்காகக் கார் திரும்பி வராது. எனக்கு இதில் வருத்தம் இரண்டு மடங்கு. பணத்தை இழந்த குடும்பம் ஒன்று. இன்னும் 30 ஆண்டு ஓடியிருக்கக்கூடிய கார் பறிமுதல் கிடங்கில் மழையில் நனைந்து மக்குவது இன்னொன்று.

நேர்வழி எப்படிப் போகிறது

மலேசியாவுக்குள் கார் இறக்குமதி செய்ய ஏபி எனப்படும் அனுமதி வேண்டும். வாணிப அமைச்சான மிட்டி அதைக் கொடுக்கிறது. மலாய்க்காரர்கள் உள்ளிட்ட பூமிபுத்ராக்களை வாகன வணிகத்துக்குள் கொண்டுவர 1970களில் வளர்த்த ஏற்பாடு அது. 2005இல் யார் யாருக்கு எத்தனை ஏபி என்ற பட்டியல் வெளியானபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. அடுத்த ஆண்டே தேசிய வாகனக் கொள்கை வந்தது. பொதுவாக இந்த நாட்டுக்குள் வரும் பழைய கார்கள் ஓரிரண்டு வயது முதல் ஐந்து வயது வரை உள்ள ‘ரீகண்டிஷன்’ கார்கள்தான். அதற்குமேல் வயதான காரைக் கொண்டுவர வேண்டுமென்றால் தனியாக விண்ணப்பித்து, கையில் ஏபி வந்த பிறகே கப்பலைப் பற்றிப் பேச வேண்டும். இந்த வரிசையை மாற்றியவர்கள் துறைமுகத்தில் நாள் வாடகை கட்டியே நொந்துபோகிறார்கள்.

ஜொகூருக்கு இரண்டு பெரிய துறைமுகங்கள் இருக்கின்றன. பாசிர் கூடாங் 1977 முதல் இயங்குகிறது. தஞ்சோங் பெலப்பாஸ் 1999இல் தொடங்கியது. மோரிஸ் மைனர் போன்ற சின்னக் காரின் நீளம் நாலு மீட்டருக்கும் குறைவு. 20 அடிக் கன்டெய்னருக்குள் தாராளமாக நிற்கும். பேட்டரி வயரைக் கழற்றி, டாங்கில் எண்ணெயை அடிமட்டத்துக்குக் குறைத்து, நான்கு சக்கரத்தையும் கட்டை வைத்து இறுக்கி அனுப்புவார்கள். இறங்கியதும் கே1 என்ற சுங்கப் படிவம் நிரப்ப வேண்டும். கையில் ஏபி, விற்ற ரசீது, கப்பல் பத்திரம், அந்த நாட்டுப் பதிவு நீங்கியதற்கான சான்று எல்லாம் ஒரே சாசி எண்ணைச் சொல்ல வேண்டும். ஜப்பானிலிருந்து வந்தால் ஏற்றுமதிச் சான்றிதழ், இங்கிலாந்திலிருந்து வந்தால் வி5சி என்ற பதிவுப் புத்தகம். ஓர் எண் மாறினாலும் வேலை நின்றுவிடும்.

இனிப் பணம். சாதாரண காருக்குள்ள விகிதத்தையே போட்டுப் பார்ப்போம். காரின் விலை, கப்பல் கூலி, இன்சூரன்ஸ் மூன்றையும் சேர்த்து 50,000 வெள்ளி என்று சுங்கம் மதிப்பிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்குமதி வரி 30 விழுக்காடு, அதாவது 15,000. கலால் வரி இன்ஜின் அளவைப் பொறுத்து 60 முதல் 105 விழுக்காடு வரை போகும். 1,800 சிசிக்குக் குறைந்த காருக்கு 75 என்று வைத்தால், அது 50,000க்கு மேல் அல்ல, 65,000க்கு மேல் விழும். 48,750. இரண்டையும் சேர்த்த தொகை 1,13,750. அதற்குமேல் 10 விழுக்காடு விற்பனை வரி, 11,375. ஆக மொத்தம் 1,25,125 வெள்ளி. காரின் மதிப்பைவிட ஒன்றரை மடங்கு வரி. இதில் ஏபி கட்டணமும் பட்டறைச் செலவும் சேரவில்லை. வாங்கிய ரசீதில் நீங்கள் காட்டும் விலையைச் சுங்கம் அப்படியே ஏற்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

உலகச் சுங்க அட்டவணையில் 9705 என்று ஒரு தலைப்பு இருக்கிறது. சேகரிப்பாளர் மதிப்பும் வரலாற்று மதிப்பும் உள்ள பொருள்களுக்கான இடம் அது. கார் அந்தத் தலைப்புக்குள் எப்போது போகும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1985இல் டைபர் வழக்கில் விளக்கியது: ஓரளவு அரிதாக இருக்க வேண்டும், முதலில் எதற்காகச் செய்தார்களோ அந்த அன்றாட வேலைக்குப் பயன்படக்கூடாது, சாதாரணச் சந்தைக்கு வெளியே கைமாற வேண்டும், விலைமதிப்பு உயர்ந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் அப்படித் தேறிய கார் உள்ளே வந்தால் இறக்குமதித் தீர்வை இல்லை, 5 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி மட்டும். 40 வயது கடந்த காருக்குச் சாலை வரியும் கிடையாது. நம் சுங்கத்துறையிடமும் முன்கூட்டியே எழுத்தில் தீர்ப்புக் கேட்க வழி உண்டு: இந்தப் பொருள் எந்தத் தலைப்பில் வரும், எப்படி மதிப்பிடப்படும் என்று கேட்டுப் பதில் வாங்கலாம். காருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்தப் பதிலை வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

வேறு நாடுகளிலும் கதவு ஒவ்வொரு மாதிரி. அமெரிக்காவில் 25 வயது ஆகிவிட்டால் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு. ஆஸ்திரேலியாவில் வேறொரு கண்டிப்பு: 2003 டிசம்பர் 31 முதல் கல்நார் அங்கே முற்றாகத் தடை. பழைய காரின் பிரேக் பட்டை, கிளட்ச், கேஸ்கெட் எல்லாவற்றிலும் கல்நார் இருக்கும். அதையெல்லாம் கழற்றி மாற்றாமல் அனுப்பிய கார்கள் துறைமுகத்திலேயே மாட்டிக்கொண்டிருக்கின்றன. நம் பட்டறைகளில் அதே பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதித்தள்ளும் தம்பிகளை நினைத்தால் மனம் பதறுகிறது. ஈரத்துணியால் துடையுங்கள், முகமூடி போடுங்கள். கார் வரும் போகும், நுரையீரல் ஒன்றுதான்.

சாசி எண்ணைப் படிப்பது எப்படி

ஏபி கிடைத்து, வரி கட்டி, கார் வெளியே வந்த பிறகு வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோமின் சோதனை, அதன்பின் ஜேபிஜே பதிவு. பரிசோதகர் முதலில் தேடுவது அழகை அல்ல, எண்ணைத்தான். சாசி எண், இன்ஜின் எண். இரண்டும் பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும், இரண்டிலும் கைவைத்த தடயம் இருக்கக்கூடாது.

மேலே சொன்ன டபிள்யூ 123 மெர்சிடிஸின் பானெட்டைத் தூக்கினால், இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் சுவர்த் தகட்டில் எண் குத்தியிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் எழுத்துகள் தெளியும். 123.220 என்று தொடங்கினால் அது 200. அடுத்து வரும் இரண்டு இலக்கங்களைக் கவனியுங்கள். முதலாவது 1 என்றால் இடப்பக்க ஸ்டீயரிங், 2 என்றால் வலப்பக்கம். இரண்டாவது 0 என்றால் மேனுவல் கியர், 2 என்றால் ஆட்டோமேட்டிக். வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள காரில் எண் 1 என்று சொன்னால், யாரோ எங்கோ மாற்றிக் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நாம் இடப்பக்கம் ஓட்டும் நாடு. ஜெர்மனியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி ஸ்டீயரிங்கை மாற்றுவது காருக்கும் கெடுதல், பதிவுக்கும் இடைஞ்சல். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், தென்னாப்பிரிக்கா என்று வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள நாடுகளிலேயே தேடுவது நல்லது.

1950களின் நடுவில் வந்த மோரிஸ் மைனரின் தகடு இன்னும் சுவாரசியமானது. மூன்று எழுத்து, இரண்டு எண், அதன்பின் வரிசை எண். முதல் எழுத்து எஃப் என்றால் மைனர். இரண்டாவது எழுத்து உடல்வாகு: ஏ என்றால் நான்கு கதவு, பி என்றால் இரண்டு கதவு. மூன்றாவது நிறம், ஏ என்றால் கறுப்பு. அடுத்த எண்தான் நமக்கு முக்கியம். 1 என்றால் இங்கிலாந்திலேயே விற்கச் செய்தது. 2 என்றால் வலப்பக்க ஸ்டீயரிங்கோடு வெளிநாட்டுக்கு அனுப்பச் செய்தது. 5 என்றால் பாகங்களாகப் பெட்டியில் கட்டி அனுப்பி, போன நாட்டில் பூட்டியது. மலாயாவுக்கு வந்த கார் என்று விற்பவர் சத்தியம் செய்தும் தகட்டில் 1 இருந்தால், கார் பின்னாளில் இங்கிலாந்திலிருந்து வந்திருக்க வேண்டும், அல்லது தகடு வேறொரு காருடையது. இங்கிலாந்தின் கெய்டன் கிராமத்தில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், ஆலைப் பேரேட்டைப் பார்த்து எந்த நாளில் கட்டியது, என்ன நிறம், எந்த ஊருக்கு அனுப்பியது என்று சான்றிதழ் தருகிறது. மெர்சிடிஸ் நிறுவனமும் அந்தக் காருக்குரிய தரவு அட்டையை எடுத்துத் தரும். தயாரிப்பு ஆண்டை அலுவலகத்தில் நிரூபிக்க இவை பெரிய துணை.

பழைய கார்களின் எண்ணில் இன்னொரு சிக்கலும் உண்டு. இன்று எல்லாக் காருக்கும் 17 இலக்க சாசி எண். அந்த ஒழுங்கு 1980களின் தொடக்கத்தில்தான் பரவலானது. அதற்கு முந்திய காருக்கு எட்டு இலக்கமும் இருக்கும், பதினாலும் இருக்கும். கோடும் புள்ளியும் நடுவில் வரும். எண் குட்டையாக இருப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, யாரோ சொன்னார்கள் என்று கூடுதல் எழுத்தைக் குத்திவைத்த கார்களும் உண்டு. அப்படிச் செய்த நிமிடமே கார் செத்தது. துரு வேலையின்போது எண் குத்திய தகட்டையே வெட்டி எறிந்துவிடுவதும் அதே மாதிரிதான். பாதியாக வெட்டி விற்கும் பழைய காரான ‘ஹாஃப்கட்’ வாங்கி முன்பாதியை ஒட்டிக்கொண்டால் வேலை சுலபம் என்று நினைப்பவர்கள், எண் எந்தப் பாதியில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நல்ல ஃபோர்மேன் கட்டரை எடுப்பதற்கு முன் எண்ணிருக்கும் இடத்தைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டுவிடுவார். அப்படிப்பட்டவரிடம் காரை நம்பிக் கொடுக்கலாம்.

தமிழ்நாட்டில் இருந்து ஒரு பாடம்

நம் தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2012இல் இங்கிலாந்திலிருந்து ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் காரை இறக்குமதி செய்த நடிகர் விஜய், மாநில நுழைவு வரியிலிருந்து விலக்குக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் போனார். சுங்க வரியெல்லாம் கட்டிய கார்தான். ஆனாலும் நுழைவு வரிப் பிரச்சினையால் பதிவு தடைபட்டது. 2021 ஜூலையில் தனி நீதிபதி மனுவைத் தள்ளி ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தார்; விஜய்யைப் பற்றிய அவருடைய கடுமையான கருத்துகளை 2022 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கியது. அது புதிய கார். ஆனாலும் பாடம் பழைய காருக்கும் பொருந்தும்: துறைமுகத்தைத் தாண்டுவது ஒரு வேலை, பதிவு அலுவலகத்தைத் தாண்டுவது முற்றிலும் வேறு வேலை. ஒன்றுக்குப் பணம் கட்டிய ரசீது மற்றொன்றில் செல்லாது.

அதே 2021இல் இந்திய அரசு நல்ல காரியம் ஒன்றும் செய்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, பெரிதாக உருமாற்றாத கார்களையும் இருசக்கர வண்டிகளையும் ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதிய விதி எழுதியது. எண்பலகையில் மாநில எழுத்துக்குப் பின் விஏ என்று வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, எண்ணெய் போடுவது, பழுதுபார்ப்பது ஆகியவற்றுக்கு ஓட்டலாம். தினசரி ஓட்டக்கூடாது, வாடகைக்கு விடக்கூடாது. இறக்குமதியில் 1950க்கு முந்திய கார் மட்டும் என்றிருந்த பழைய வரம்பும் 2025இல் 50 வயது என்று மாறியது. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு பெயரோடு இணைந்த கார் அருங்காட்சியகமும், சென்னை வடபழனியில் ஏவிஎம் நிறுவனத்தார் அமைத்த அருங்காட்சியகமும் பார்த்தவர்களுக்கு, இப்படி ஒரு விதி ஏன் வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை.

ஜொகூருக்குச் சொந்தமான கார்கள்

1896இல் சிங்கப்பூரில் சார்லஸ் பர்ட்டன் பக்லி என்ற வழக்கறிஞர் ஓட்டிய பென்ஸ் இந்த வட்டாரத்தின் முதல் கார். அது போட்ட சத்தத்தையும் விட்ட புகையையும் பார்த்து ஊர் மக்கள் ‘காப்பி மெஷின்’ என்று பெயர் வைத்தார்கள். 1924இல் பாலம் திறந்ததும் கார்கள் படகை எதிர்பார்க்காமல் ஜொகூருக்குள் வந்தன. ரப்பர்த் தோட்டங்களின் செம்மண் பாதையில் துரைமார்களின் கார்கள் ஓடின. அவற்றை ஓட்டியவர்களிலும் அடியில் படுத்துப் பழுதுபார்த்தவர்களிலும் தமிழர் நிறையப் பேர். 1960களில் ஜொகூர் பாரு தெருக்களிலேயே கிராண்ட் பிரி பந்தயம் நடந்தது. 1986இல் பாசிர் கூடாங்கில் பந்தயத் தடம் திறந்தது. கார் மேல் இந்த மாநிலத்துக்கு இருக்கும் பிரியம் அரண்மனை வரை போகிறது: இன்றைய மாமன்னரான ஜொகூர் சுல்தான் இப்ராகிம், 2012இல் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ 1’ என்ற எண்பலகையை 5,20,000 வெள்ளிக்கு ஏலத்தில் எடுத்தார்.

இவ்வளவு பிரியம் உள்ள நாட்டில் 2009 அக்டோபரில் ஓர் அதிர்ச்சி வந்தது. தேசிய வாகனக் கொள்கையின் மறுஆய்வில், 15 வயதும் அதற்கு மேலும் ஆன கார்கள் சாலை வரி புதுப்பிக்கும் போதெல்லாம் கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று அறிவித்தார்கள். ஏழைக் குடும்பங்களின் கார்கள்தான் அந்த வயதில் இருந்தன. எதிர்ப்பு பலமாக எழுந்து, சில வாரங்களுக்குள் அது கைவிடப்பட்டது. பழைய கார் என்றாலே தொல்லை என்று பார்க்கும் பார்வையை நாட்டு மக்கள் அன்று ஏற்கவில்லை. அது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி.

இதனாலேயே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவர ஒன்றேகால் லட்சம் வெள்ளி செலவழிக்கும்முன், குளுவாங், லாபிஸ், சிகாமாட், தங்காக் பக்கம் ஒரு சுற்று போய்ப் பாருங்கள். பழைய வீடுகளின் தகரக் கொட்டகையில், நெல்மூட்டைக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவில் இங்கேயே பிறந்து வளர்ந்த கார்கள் நிற்கின்றன. ஒற்றை ஜே எழுத்தோடு, நான்கு இலக்க எண்ணோடு. அவற்றுக்கு ஏபி வேண்டாம், கலால் வரி வேண்டாம். 948 சிசி மோரிஸ் மைனருக்கு ஆண்டுச் சாலை வரி 20 வெள்ளி. 1,098 சிசி என்றால் 55 வெள்ளி. அதற்கு எதிராக, 5,700 சிசி அமெரிக்கக் காரை இறக்கினால் சாதாரணக் கணக்கில் ஆண்டுக்கு 14,280 வெள்ளி வரும். பட்டறைக் கூலி போக இதையும் மாதாமாதம் எண்ணிப் பார்த்துவிட்டு ஆசைப்பட வேண்டும்.

உள்ளூர்க் காரிலும் பிரச்சினை காகிதத்தில்தான். பெரும்பாலும் பதிவு தாத்தா பெயரில் இருக்கும். தாத்தா இறந்து இருபது ஆண்டு ஆகியிருக்கும். சாலை வரி அதற்கும் முன்பே விடுபட்டிருக்கும். பேரன் ஆசையாகப் பெயிண்டு அடித்து, புது மெத்தை போட்டு, 30,000 வெள்ளி செலவான பிறகு பெயர்மாற்றத்துக்குப் போவான். அங்கே கேட்பது இறந்தவரின் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரப் பத்திரம். சித்தப்பா, அத்தை, அவர்கள் பிள்ளைகள் என்று எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். கார் பளபளவென்று மாறிய பிறகு கையெழுத்துக் கேட்டால், அதுவரை அந்தத் துருவை ஏறெடுத்தும் பார்க்காத சொந்தங்களுக்கும் பங்கு நினைவு வந்துவிடுகிறது. இதனால் பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்களை நான் அறிவேன்.

அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். காரில் கைவைப்பதற்கு முன், சாசி எண்ணையும் இன்ஜின் எண்ணையும் படம் எடுத்துப் பழைய பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கையெழுத்தில் இருந்த புத்தகத்தைக் கணினியில் ஏற்றியபோது சில எண்கள் மாறியிருக்கலாம். 1க்கும் 7க்கும், 0க்கும் ஓவுக்கும் நடக்கும் குழப்பம் அது. அப்படி மாறியிருந்தால் புத்தகத்தின் மூலப்பிரதிதான் உங்களுக்குச் சாட்சி. லேமினேட் செய்யாமல் அப்படியே வைத்திருங்கள். இறந்தவர் விட்டுச்சென்றது அசையும் சொத்து மட்டும்தான், அதுவும் 6,00,000 வெள்ளிக்கு மேற்படவில்லை என்றால் அரசு அறங்காவல் நிறுவனமான அமானா ராயாவில் விண்ணப்பிக்கலாம். நீதிமன்றம் போகத் தேவையில்லை. இறப்புச் சான்றிதழ், வாரிசுகளின் அடையாள அட்டை நகல், பதிவுப் புத்தகம் மூன்றும் ஒரே கோப்பில் இருக்கட்டும். அமானா ராயா உத்தரவு கைக்கு வந்ததும் புஸ்பாகோமில் பி5 என்ற பெயர்மாற்றப் பரிசோதனைக்கு நேரம் வாங்க வேண்டும். பிரேக்கும் விளக்கும் டயரும் சரியாக இருந்தால் போதும், பழைய பெயிண்டு அங்கே தடையில்லை. அந்த அறிக்கையோடு தாமான் டாயா ஜேபிஜே அலுவலகத்துக்கோ, உங்கள் மாவட்டத்துக் கிளைக்கோ போங்கள். பெயர் உங்கள் பெயராக மாறி, காப்புறுதி எடுத்து, சாலை வரியும் கட்டியான பிறகு பெயிண்டுக் கடைக்காரரைக் கூப்பிடலாம்.